எந்த ரத்தக்கசிவுக்குப் பயப்பட வேண்டும்?

(மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் ஒரு பொதுநல மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

என் பெரியம்மாவின் இடது கை இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வளையல் அழுத்தும் இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு. அதன் ஓரம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. எங்கேயும் இடித்துக்கொண்டதாக அவருக்கு ஞாபகமில்லை. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறுக்காக வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தார். “ரத்தமே தண்ணியாப் போயிடுச்சு போலப்பா” என்று கையை நீட்டிக் காட்டினார். “அதெல்லாம் ஒண்ணுமில்ல பெரியம்மா” என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் ஒரு காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணிவிட்டது. அன்று கூடப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை. அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இன்று உங்களிடம் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்று. இந்த மாத்திரைகள் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று துடிக்கிறது. அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். தோலில் வரும் நீலத் திட்டை நாம் தினமும் பார்க்கிறோம். உள்ளே உருவாகும் கட்டியை யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் பயம் தப்பான பக்கம் போகிறது. பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ, திடீரென்று மண்டை பிளக்கும் வலி வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சரி, எந்த மாத்திரை? வார்ஃபரின் பழையது. கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்த காரணத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தேடியபோது தொடங்கிய கதை அது. 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது உண்மைதான். செல்போனில் அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. மறு வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். அளவுதான் எல்லாம். நம் ஊரில் பலர் சாப்பிடும் அசிட்ரோமும் இதே வகை.

இந்த வகை வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. அதற்காகக் கீரையை ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மட்டும் இருக்கக் கூடாது. ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் சாப்பிட்டாலே அது எகிறிவிடும். லேப் பக்கத்தில் இருக்கிறதா, கூட்டிப்போக ஆள் இருக்கிறதா என்பதும் மருந்துத் தேர்வில் சேர்ந்ததுதான்.

புதிய மாத்திரைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மண்டைக்குள் ரத்தம் கசிவது வார்ஃபரினோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். நான் மிகவும் பயப்படுவது அந்தக் கசிவுக்குத்தான் என்பதால், பொருந்துகிறவர்களுக்குப் புதியதையே எழுதுகிறேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். டபிகாட்ரான் சாப்பிட்டவர்களில் நூறுக்குப் பதினோரு பேருக்கு வயிற்று எரிச்சல், அஜீரணம். அதில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு, ஏறியவருக்கு அது ஆகாது. ரிவராக்ஸபானை வயிறு நிறையச் சாப்பிட்டதோடு போட்டால்தான் முழுதாக உடம்பில் சேரும். விரதம் இருக்கிறவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அபிக்ஸபானை வார்ஃபரினோடு ஒப்பிட்டு 18,201 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. பக்கவாதம் 21 சதவீதம் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவு 31 சதவீதம் குறைந்தது. இரண்டு வேளை போட வேண்டும் என்பதுதான் அதன் சிரமம். இந்தப் புது மாத்திரைகள் ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும்.

அப்படியானால் எல்லாரும் மாறிவிடலாமா? கூடாது. இதயத்தில் உலோக வால்வு வைத்தவர்கள் வார்ஃபரின் வகையிலேயே இருக்க வேண்டும். சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் நிறைய. அத்தகைய நோயாளிகள் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம், இந்தியாவும் சேர்ந்து நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்களைவிட ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். விலை கூடியதெல்லாம் நல்லது என்று நினைத்துப் பிள்ளைகள் மாற்றச் சொன்னால், எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயத்தில் பாதி மாத்திரை போடுவது. அபிக்ஸபானில் பாதி அளவான 2.5 மில்லிகிராமுக்குக் கணக்கு இருக்கிறது: வயது 80-ஐத் தொட்டது, எடை 60 கிலோ அல்லது குறைவு, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் குறைப்பு. மற்றவர்கள் குறைத்தால் பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறோம். அப்புறம், முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் கேட்டு வாங்குகிற பழக்கம். மாத்திரை எதுவானாலும், அதோடு இதையும் சேர்த்துப் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது.

பெரியம்மாவுக்கு இப்போது 81 வயது, 52 கிலோ. வால்வில் கோளாறு இல்லை. அவர் போடுவது அபிக்ஸபான் 2.5, காலைக் காபிக்கு ஒன்று, ராத்திரி இட்லிக்கு ஒன்று. திட்டு இப்போதும் எப்போதாவது வருகிறது. வந்தால் எனக்குப் போன் செய்கிறார், நானும் அவசரப்படாமல் கேட்கிறேன்.

மாத்திரை அட்டையைக் கையில் கொண்டு வந்தவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.