ஓவியம் விலைபோனால் உதவித்தொகை நிற்குமா? ஏலத்துக்குப் பின்னால் ஒரு 2,000 டாலர் சிக்கல்

வணக்கம். அமெரிக்காவில் நடக்கும் ஓர் அறக்கொடை ஏலத்தில் மாற்றுத்திறனாளி ஒருவருடைய ஓவியம் 6,000 டாலருக்குப் போகிறது, அரங்கம் கைதட்டுகிறது, பாதித் தொகை ஓவியருக்கு வந்து சேர்கிறது. அந்த வரவே அவருடைய அரசு உதவித்தொகையை நிறுத்திவிடக்கூடும். எடுத்துக்காட்டு நான் புனைந்தது, விதி அமெரிக்க அரசுடையது.

முன்கதை சுருக்கமாக: கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்காக இயங்கும் கிரியேட்டிவ் குரோத் கலை மையத்தை, ஓவியர் ஃபுளோரன்ஸ் லூடின்ஸ்-காட்ஸும் அவருடைய கணவரான உளவியலாளர் எலியாஸ் காட்ஸும் 1974இல் தொடங்கினார்கள்.

இந்த மையத்தின் பெயரை உலகறியச் செய்தவர் ஜூடித் ஸ்காட். டவுன் சிண்ட்ரோமுடன் 1943இல் பிறந்தவர். காது கேளாதவர் என்பதையே பல காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏழு வயதில் காப்பகத்தில் விடப்பட்டு, ஏறத்தாழ 35 ஆண்டுகள் அங்கேயே கழித்தவரை, இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் மீட்டுக்கொண்டுவந்து 1987இல் இந்த மையத்தில் சேர்த்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்த ஜூடித், நூலும் துணியும் கைக்கு வந்ததும் நாற்காலி, மிதிவண்டிச் சக்கரம் எனக் கண்ட பொருளையெல்லாம் வண்ண நூலால் சுற்றத் தொடங்கினார். உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாத அளவுக்குச் சுற்றிய அந்தப் பொதிகளுக்கு 2014இல் புரூக்ளின் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே நடத்தியது. என்னைக் கேட்டால், 'ஊனத்தை வென்ற கலை' என்ற தேய்ந்த பாராட்டு அவற்றுக்குத் தேவையே இல்லை.

இத்தகைய மையங்களுக்கு நிதி திரட்டும் விழாக்களில், விற்கப் பொருளே இல்லாத ஒரு சுற்றும் உண்டு. ஏலக்காரர் தொகையைக் கூவ, கொடுக்க விரும்புவோர் எண் அட்டையை உயர்த்துகிறார்கள். ஏறக்குறைய மொய் எழுதுவதுதான், பெயருக்குப் பதிலாக எண் வாசிக்கப்படுகிறது.

இனி அந்தச் சிக்கல். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையைப் பெறுபவர், மாதத்தின் தொடக்கத்தில் கணக்கில் சேரும் சேமிப்பாக 2,000 டாலருக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாதத் தொகை அவருக்குக் கிடையாது. திட்டம் 1974இல் தொடங்கியபோது வரம்பு 1,500 டாலர். 1989இல் 2,000 ஆனது, அதன்பிறகு அசையவே இல்லை. அத்தனை ஆண்டு விலைவாசியும் அந்த எண்ணின் கண்ணில் படவில்லை போலும்! மையம் எத்தனை லட்சம் திரட்டினாலும் அதற்கு இந்த வரம்பு கிடையாது, ஓவியருக்கு மட்டுமே உண்டு.

வழி ஒன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்குத் திறக்கப்படும் 'ஏபிள்' சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தில் 1,00,000 டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. வரம்பில் சேராது. 26 வயதுக்குள் குறைபாடு ஏற்பட்டவர்களுக்கே கிடைத்த இந்தச் சலுகை, 2026 ஜனவரி முதல் 46 வயதுக்குள் குறைபாடு ஏற்பட்டவர்களுக்கும் விரிந்திருக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்ற உச்சவரம்பு இதிலும் உண்டு.

அமெரிக்காவில் இருக்கும் நேயர்களே, இப்படி ஓர் ஏலத்துக்கு அழைப்பு வந்தால், எண் அட்டையை உயர்த்துவதற்கு முன் ஓவியரின் பங்கு எந்தக் கணக்குக்குப் போகிறது என்று கேளுங்கள். கிடைத்த பதிலைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.