மாசிக்காய் காயே இல்ல! நாட்டு மருந்துக் கடையில ஒளிஞ்சிருக்குற டா வின்சி இங்க்

வணக்கம் மக்களே! (கையில மூணு பொட்டலம்) மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின். மூணும் நாட்டு மருந்துக் கடையில வாங்குனது, ஆனா இன்னைக்கு மருந்து அரைக்கப்போறதில்ல, இங்க் காய்ச்சப்போறோம், டா வின்சி நோட்டுல எழுதுன அதே வகை இங்க்!

இந்த இங்க்குக்கு கருப்பு வர்றதே டானினும் இரும்பும் சேர்றதாலதான், அதனால மொதல்ல டானின்னா என்னன்னு வேகமா பாத்துடுவோம். மரம், செடியெல்லாம் பூச்சியும் ஆடுமாடும் தின்னாம இருக்க பட்டையிலயும் காயிலயும் சேத்து வைக்குற துவர்ப்புச் சரக்கு. புரதத்தப் பாத்தா விடாது, கப்புன்னு புடிச்சுக்கும். கடுக்காய கடிச்சா எச்சில்ல இருக்குற வழவழப்பு புரதத்த இழுத்துடும், அதான் நாக்கு சொரசொரங்குது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஆவாரம்பட்டை போட்டு தோல் பதப்படுத்துனதும் இதே கணக்குதான். தியரி ஓவர்!

இப்ப மாசிக்காய். (குளோசப்) இத உரைமருந்து செட்டுல நம்ம பாட்டிங்க எல்லாரும் வச்சிருப்பாங்க, ஆனா இது எந்த மரத்துலயும் காய்க்குறதில்லங்க. துருக்கி, ஈரான் பக்கம் ஒரு வகை ஓக் மரம் இருக்கு, அதோட கிளையில குட்டிக் குளவி ஒண்ணு முட்டை வைக்கும், புழு வளர வளர மரம் அந்த எடத்துல உருண்டையா வீங்கிக்கும், அந்த வீக்கம்தான் நம்ம காய்! இந்த ஓட்டை தெரியுதா? குளவி வளந்து வெளிய போன வாசல். வாடகை கூட குடுக்கல. எடையில பாதிக்கு டானின்தான், ஓட்டை இல்லாத காய்ல இன்னும் ஜாஸ்தி.

இடிச்சு ஊறவச்சு வடிகட்டுன தண்ணியில அன்னபேதி போடுறேன். அன்னபேதின்னா இரும்பு உப்பு. இரும்புச் சட்டியில நெல்லிக்காய் வேகவச்சா கறுத்துப்போகும்ல, அதே டானின்-இரும்பு கூட்டணி. திக்கா இருக்க கொஞ்சம் பிசின். எழுதுறப்போ வெளிறித்தான் தெரியும், ஏமாந்துடாதீங்க, காத்து படப்பட இரும்பு ஆக்சிஜனோட சேந்து அப்படியே கண்ணு முன்னாடி கருப்பாகும், இத நான் நாலு தடவ எழுதி எழுதிப் பாத்தேன், சலிக்கவே இல்ல.

ஒரே சிக்கல், இந்த இங்க்ல அமிலம் ஜாஸ்தி. இசைமேதை பாக் கைப்பட எழுதுன தாளுங்கள்ல எழுத்து இருந்த பல எடத்துல அரிச்சு ஓட்டை விழுந்திருக்கு. அதனால வீட்டுப் பத்திரத்துல இதுல கையெழுத்துப் போட்டுடாதீங்க சாமி!

உங்க வீட்டு மாசிக்காய்ல ஓட்டை இருக்கா இல்லையா, பாட்டிகிட்ட வாங்கிப் பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க.