ஃபைனல் ஃபேன்டஸி 3: பழைய ரீமேக் இன்றும் ஆடத் தகும்! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, நான் எழுந்ததுமே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, கன்ட்ரோலரைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய கேள்வி இது. ஃபைனல் ஃபேன்டஸி 3 என்ற ஜப்பானிய வீடியோ கேமை ஆட நினைக்கும் ஒருவர் 2006இல் வந்த முப்பரிமாண ரீமேக்கை, அதாவது புதிதாகச் செய்த மறுபதிப்பைத் தொடலாமா, அல்லது பழைய இருபரிமாணப் பாணியிலேயே 2021இல் வந்த பிக்சல் ரீமாஸ்டரே போதுமா? தொடலாம், தொட வேண்டும் என்று சொல்லும் அணி எங்களுடையது.

எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். ரீமேக் மெதுவாக நகர்கிறது, சண்டை போட்டு ஆட்களின் லெவலை ஏற்றியே பொழுது போய்விடுகிறது என்றார். எதிரிகள் நிறைந்த கடைசி டஞ்சனில் ஆட்டத்தைச் சேவ் செய்ய, அதாவது சேமித்து வைக்க, இடமே இல்லை என்றார். பொம்மை முகங்களை ஒட்டி மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றார். கடைசியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் சீக்கிரம் முடியும்.

மூலம் 1990 ஏப்ரல் 27 அன்று நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் ஜப்பானில் வெளியானது. அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் ஜப்பானுக்கு வெளியே அது முறையாக எங்கும் வரவில்லை. நடுவில் ஒண்டர்ஸ்வான் கலர் என்ற கையடக்கக் கருவிக்கு வரும் என்று அறிவித்தார்கள், அதுவும் வரவில்லை. 2006 ஆகஸ்டில் ஜப்பானிலும் நவம்பரில் வட அமெரிக்காவிலும் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கு வந்த ரீமேக்தான் உலகம் அதிகாரபூர்வமாகப் பார்த்த முதல் ஃபைனல் ஃபேன்டஸி 3. செய்தது மேட்ரிக்ஸ் சாஃப்ட்வேர். மேற்பார்த்தவர் ஹிரோமிச்சி தனாகா, மூலத்தில் வேலை செய்த அதே மனிதர். நண்பர் "பொம்மை" என்று சொன்ன முகங்களை வரைந்தவர் அகிஹிகோ யோஷிடா. நடுவர் அவர்களே, மூலத்தை உருவாக்கியவர்களில் ஒருவரே திரும்ப வந்து மாற்றியிருக்கிறார். "கெடுத்துவிட்டார்கள்" என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.

மூலத்தில் நாயகர்கள் நால்வருக்கும் பெயரே கிடையாது. ரீமேக்கில் லூனெத், ஆர்க், ரெஃபியா, இங்கஸ் என்று பெயரும் பின்னணியும் கொடுத்தார்கள். இங்கே எதிரணிக்கு ஒரு புள்ளி நானே தருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். இந்த அறிமுகங்களால் தொடக்கம் இழுக்கிறது. லூனெத் தனியாகக் குகைக்குள் விழுந்து, ஆமை வடிவப் பாஸை, அதாவது பெரிய எதிரியைத் தனியாக அடித்து, ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டு, ஜின் என்ற எதிரியை வென்ற பிறகுதான் காற்றுக் கிரிஸ்டல் முதல் ஜாப்களை, அதாவது வீரன், மாயக்காரன் போன்ற தொழில்களைத் தருகிறது. அதுவரை எல்லோருக்கும் ஃப்ரீலான்சர் என்ற தொடக்க ஜாப்தான். அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தை வைத்து இந்த கேமை எடை போட்டவர்கள் கேமையே ஆடவில்லை என்பது என் கட்சி. கைவிடுவதாக இருந்தால் ஜாப் கிடைத்த பிறகு கைவிடுங்கள்.

இப்போது வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஃபைனல் ஃபேன்டஸி 3 என்றால் ஜாப். ரீமேக்கில் ஆனியன் நைட் என்ற ரகசிய ஜாப்பையும் சேர்த்து 23 ஜாப்கள். இரண்டு பதிப்புகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் படத்தில் இல்லை. ஜாப் மாற்ற என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

பிக்சல் ரீமாஸ்டரில் விலை ஒன்றுமே இல்லை. பாஸ் அறை வாசலில் நின்று நால்வரையும் மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம். தோற்றால் வேறு சட்டை மாட்டிக்கொண்டு மறுபடியும் போகலாம். ரீமேக்கில் ஜாப் மாற்றினால் பழகும் காலம் உண்டு. புது ஜாப் பழைய ஜாப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது, அதில் உங்கள் ஜாப் லெவல் எவ்வளவு என்பதைப் பொறுத்து அதிகபட்சம் பத்துச் சண்டைகள் வரை அந்த ஆளின் திறன்கள் குறைந்தே இருக்கும். முன்பே பழகிய ஜாப்புக்குத் திரும்பினால் இந்தக் காலம் சுருங்கும். அதனால் இரண்டு மூன்று ஜாப்களை மட்டும் ஒரு ஆளுக்கு ஒதுக்கி வளர்ப்பவருக்கு ஆட்டம் எளிது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பவருக்குக் கஷ்டம்.

இதற்குத்தான் "கிரைண்டிங்" என்று, சண்டையைத் திரும்பத் திரும்பப் போடும் வேலை என்று, எதிரணி பெயர் வைத்திருக்கிறது. கருடா என்ற பாஸை எடுத்துக்கொள்வோம், அவர்கள் தரப்பில் பேசிய சகோதரியே அந்தப் பெயரைச் சொல்லிப் புலம்பினார். சரோனியா நகரில் உங்கள் விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிடுகிறார்கள். கருடாவை வெல்லாமல் அந்தப் பகுதியை விட்டுப் பறக்க வழியில்லை. கருடாவின் மின்னல் நால்வரையும் ஒரே நேரத்தில் தாக்கும், ரீமேக்கில் ஒரே சுற்றில் இரண்டு முறை செயல்படவும் செய்யும். வெறும் வீரனும் மாயக்காரனுமாகப் போனால் இரண்டாவது சுற்றிலேயே சமாதி.

விடையை ஊரே சொல்லிக் கொடுக்கிறது: ஈட்டியோடு குதித்துத் தாக்கும் டிராகூன் ஜாப். குதித்து மேலே இருக்கும்போது எந்த அடியும் படாது. சரி, எல்லோரும் அங்கேயே டிராகூனாக மாறிக் கருடா இருக்கும் கோட்டைக்குள் ஓடினால்? தோற்பீர்கள், காரணம் பழகும் காலம். செய்ய வேண்டியது இது. சரோனியாவின் டிராகன் கோபுரத்தில் உள்ள டிராகூன் கவசங்களையும் ஈட்டிகளையும் முதலில் எடுங்கள். குறைந்தது மூவரை டிராகூனாக மாற்றுங்கள், நான்காமவரை வெண்மாயக்காரராக வைத்துக்கொள்ளலாம், நால்வரும் டிராகூனாகவும் போகலாம். நகருக்கு வெளியே உலக வரைபடத்தில் பத்துப் பதினைந்து சண்டைகள். அங்கேயே சேவ். பிறகு கோட்டை. முதல் சுற்றிலேயே எல்லோரும் ஜம்ப், அப்புறம் தொடர்ந்து ஜம்ப். அந்தப் பதினைந்து சண்டைகளையா நேர விரயம் என்கிறீர்கள்? அதுதானே நடுவர் அவர்களே போருக்கான ஆயத்தம்!

நிழல் குகையும் இப்படித்தான். அங்கே சாதாரண வாளால் வெட்டினால் எதிரி இரண்டாகப் பிரிந்து நிற்பான், மறுபடி வெட்டினால் இன்னும் ஒருவன். கரும்வாள் ஒன்றுக்குத்தான் பிரியாமல் சாவார்கள். பக்கத்திலேயே ஃபால்காபார்ட் கிராமத்தில் கரும்வாள் வாங்கலாம். அங்கேயே ஒன்றிரண்டு பேரைக் கரும்வாள் ஏந்தும் டார்க் நைட்டாக மாற்றி, கிராமத்தைச் சுற்றிப் பழக்கிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். குகைக்குள் போய்விட்டு "ஐயோ, மாற்ற மறந்தேனே" என்றால் அது கேமின் தவறு இல்லை.

ஹெய்ன் என்ற பாஸ் இன்னும் அழகு. ஒவ்வொரு முறையும் தன் பலவீனத்தை மாற்றிக்கொள்வான். ஸ்காலர் ஜாப்பின் ஸ்டடி என்ற ஆராயும் திறன்தான் இப்போது எது பலவீனம் என்று காட்டும், அதைப் பார்த்துத் தீ, பனி, மின்னலில் சரியானதை வீச வேண்டும். ஸ்காலரை யாரும் சீந்தாத ஜாப் என்பார்கள். ரீமேக்கில் ஸ்காலர் பயன்படுத்தும் பொருள்களுக்கு இரட்டிப்புப் பலன் உண்டு, போஷன் என்ற மருந்தைக்கூட அவர் கையில் கொடுங்கள். 1990 மூலத்தில் நிஞ்சா, சேஜ் என்ற இரண்டு ஜாப்களும் கையில் வந்ததும் மற்ற ஜாப்கள் எல்லாம் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரீமேக் அந்த அநீதியைச் சரிசெய்தது. வைக்கிங் ஜாப்பில் இருப்பவரை முன்னே நிறுத்தி எதிரிகளைச் சீண்டி அடி வாங்க வைத்துவிட்டு மற்ற மூவரும் தாக்குவது கடைசிவரை ஓடும் உத்தி.

சண்டைகள் ஏன் இவ்வளவு முரட்டுத்தனம் என்று கேட்டார்கள். காரணம் டிஎஸ்ஸின் வன்பொருள். ஃபேமிகாமில் எதிரிகள் எட்டுப் பேர் வரை கூட்டமாக வருவார்கள். முப்பரிமாணத்தில் டிஎஸ்ஸால் அத்தனை பேரைத் தாங்க முடியவில்லை, மூன்று பேர்தான். எண்ணிக்கையில் குறைந்ததைப் பலத்தில் ஈடுகட்டினார்கள், பாஸ்களுக்கு ஒரு சுற்றில் கூடுதல் செயல் கொடுத்தார்கள். இது குறையில் பிறந்த நிறை. கடைசிப் பாஸ் கிளவுட் ஆஃப் டார்க்னஸுக்கும் ரீமேக்கில்தான் இரண்டு நீள்கரங்கள் முளைத்தன. நீள்கரங்களைக் கவனிக்காமல் உடம்பையே அடித்துக்கொண்டிருப்பவர் தோற்பது உறுதி.

சேவ் பிரச்சினை நியாயமான பயம். கடைசி டஞ்சனான கிரிஸ்டல் டவருக்குள் நுழைந்தால் சாண்டே என்ற பாஸ், பிறகு இருள் உலகம், அங்கே நான்கு பாஸ்கள், பிறகு கடைசிப் பாஸ். நிரந்தர சேவ் உலக வரைபடத்தில் மட்டும். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இந்தப் பயணத்தில் கடைசியில் விழுந்தால் எல்லாம் போச்சு. பிக்சல் ரீமாஸ்டரில் எங்கும் சேவ் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்கும் ஒழுங்கு இருக்கிறது. முதலில் யுரேக்கா என்ற பகுதியை முடியுங்கள், அங்கே கிடைக்கும் ஆயுதங்களோடு நடந்து வெளியே வாருங்கள், சேவ் செய்யுங்கள். டவர் எதிரிகளிடமே லெவல் ஏற்றிக்கொண்டு அடிக்கடி வெளியே வந்து சேவ் செய்யலாம். லெவல் 60 அளவுக்கு வந்த பிறகு கடைசி ஓட்டம். வீழ்ந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுனைக் கடையில் விற்பதில்லை, பெட்டியில் கிடைப்பதை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். மந்திர சக்தியை நிரப்பும் ஈதரும் இல்லை, வழியில் இளைப்பாறக் கூடாரமும் இல்லை, மந்திரம் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி எண்ணிக்கையில்தான். அதனால் உயர்ந்த மந்திரங்களைச் சில்லறை எதிரிகள் மீது வீணடிக்காதீர்கள். நடுவில் வீட்டு வேலை வந்தால் குவிக்சேவ் இருக்கிறது, அது இடைநிறுத்தம் மட்டுமே, உயிர்காப்பு என்று நம்ப வேண்டாம்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கட்சிக்காரன் என்பதற்காக மறைக்க மாட்டேன். கதையைத் தெரிந்துகொண்டு நகர வேண்டும், வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்கள் பிக்சல் ரீமாஸ்டருக்கே போகலாம். ரீமேக் முப்பது நாற்பது மணி நேரம் கேட்கும்.

எந்தப் பதிப்பு என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பழைய டிஎஸ் கார்ட்ரிட்ஜைத் தேடி அலைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் ஆனியன் நைட்டைத் திறக்க மோக்நெட் என்ற கடித வசதி வழியாக இன்னொரு ஆட்டக்காரருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்கு இருந்த நிண்டெண்டோ வைஃபை சேவை 2014 மே 20 அன்று மூடப்பட்டுவிட்டது. பக்கத்தில் இன்னொரு டிஎஸ்ஸும் இன்னொரு கார்ட்ரிட்ஜும் வைத்திருக்கும் நண்பர் இல்லை என்றால் அந்த ஜாப்பை மறந்துவிடுங்கள். வேடிக்கை பாருங்கள், சரியாக ஒரு வாரம் கழித்து, மே 27 அன்று, அதே ரீமேக் கணினி கேம்களை விற்கும் ஸ்டீமில் வந்தது. அங்கே மோக்நெட் வெளி ஆளின் உதவி இல்லாமல் ஆட்டத்துக்குள்ளேயே முடிகிறது. தானாகச் சண்டையிடும் வசதியும் வேகத்தைக் கூட்டும் வசதியும் சேர்ந்தன, ஆக "மெதுவாக நகர்கிறது" என்ற முதல் குற்றச்சாட்டில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகிறது. வாங்கினால் ஸ்டீம், இல்லை என்றால் மொபைல். ஆனியன் நைட்டைத் திறந்தவர்கள் உடனே பார்ட்டியில் சேர்க்க வேண்டாம். லெவல் 90ஐத் தாண்டும்வரை அது பயனற்ற ஜாப், அதற்கு மேல் யாராலும் தொட முடியாது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். பிக்சல் ரீமாஸ்டரில் கருடாவின் வாசலில் நான்கு டிராகூனாக மாறினீர்கள், வென்றீர்கள், வெளியே வந்து பழையபடி மாறிக்கொண்டீர்கள். அந்த முடிவுக்காக நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள்? பதில் இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள்.