தட்டைத் திருப்பிப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் கையில் இருக்கிற இந்தத் தட்டு கரும்புச் சக்கையில் செய்தது. திருப்பினால் பின்பக்கம் நுணுக்கமாக ஒரு வலைத் தடம் தெரிகிறது, பாருங்கள். சக்கையைக் கூழாக்கி, தண்ணீரில் கரைத்து, கம்பிவலை அச்சில் படியவைத்து, சூடாக அழுத்தி எடுக்கிறார்கள். அந்த வலையின் தழும்புதான் இது. ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறக்குறைய 300 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும், அதில் பெரும்பகுதி ஆலைக் கொதிகலனிலேயே எரிந்துபோகிறது. கோதுமை வைக்கோலிலும் பாக்கு மட்டையிலும்கூட தட்டு செய்கிறார்கள்.

பிளாஸ்டிக் வேண்டாம், இதைக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் பெருகியிருப்பதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும் இந்தியா 2022 ஜூலையிலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டுகளைத் தடை செய்தபின் சட்டமும் துணைக்கு வந்துவிட்டது.

ஆனால் நாம் இரண்டைச் சேர்த்துக் கேட்கிறோம். இயற்கையாகவும் இருக்கணும், எண்ணெயும் கசியக்கூடாது. சக்கை வெறும் நார்தானே, சூடான எண்ணெயை அது எப்படித் தடுக்கும்? அதற்காகப் பல தட்டுகளின் கூழில் பிஎஃப்ஏஎஸ் என்ற ஃபுளோரின் ரசாயனங்களைக் கலந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் லேசில் அழியாதவை அவை. நல்லது செய்கிறோம் என்று நம்பி உரக்குழியில் போட்ட தட்டு, மட்கவே மட்காத ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது! இதை முதலில் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. கலிஃபோர்னியா 2023 ஜனவரி முதல் தாள், தாவர நார் உணவுப் பொதிகளில் இவற்றைத் தடை செய்தது. இவை கலக்காத தட்டுகளும் சந்தையில் இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், ‘மட்கும்’ என்ற சொல். ஐரோப்பாவின் இஎன் 13432 தரம் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்கிறது. சரி, எங்கே? 58 டிகிரி அளவுக்குச் சூடு நிலைக்கிற உரத் தொழிற்கூடத்தில். வீட்டு உரத்தொட்டியில் அந்தச் சூடு நிலைப்பது அரிது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தாலோ, இதே தட்டிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்பும். அதனால் வாங்கும்போதே, எண்ணெய்க்கு என்ன சேர்த்தீர்கள், சாப்பிட்டபின் இதை எங்கே போடுவது என்று இரண்டையும் விற்பவரிடம் கேளுங்கள்.

இந்தத் தட்டை முன்வரிசையில் கொடுக்கிறேன். கிழித்தே பார்க்கலாம். எண்ணெய் கசியாமலிருக்க மேலே ஒட்டிய மெல்லிய படலம் எதுவும் உரிந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.