வெப் ஆப்பில் சர்ச், ஃபில்டர்: இருக்கிற டேட்டாபேஸே போதும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முழுக்க கோடுதான். திரையில் ஒரு புத்தகப் பட்டியல் ஆப் இருக்கிறது, தெரிகிறதா? தலைப்பு, ஆசிரியர், வகை, வெளிவந்த ஆண்டு, சேர்த்த தேதி, யாருடைய பட்டியல் என்பதற்கு ஒரு பயனர் ஐடி, அவ்வளவுதான் டேபிள். பின்னால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஓடுகிறது. இதன் மேலே ஒரு தேடல் பெட்டி, பக்கத்தில் நாலைந்து ஃபில்டர் வைக்கப் போகிறோம்.

இந்த வேலை வந்ததுமே "எலாஸ்டிக்சர்ச் போட்டுவிடலாமா?" என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம். தனியாக ஒரு சர்ச் என்ஜின் வைத்தால் இன்னொரு சர்வரைப் பராமரிக்க வேண்டும், தரவை இன்னொரு பிரதி எடுக்க வேண்டும், இங்கே மாறியது அங்கேயும் மாறியதா என்று காவல் காக்க வேண்டும். சில லட்சம் வரிசைகள் உள்ள ஆப்புக்கு இருக்கிற டேட்டாபேஸே தாராளம். கண்டிஷனைத் தப்பாகக் கட்டினால் எந்த என்ஜினும் காப்பாற்றாது.

சரி, தேடல் பெட்டி. டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, அதாவது எஸ்கியூஎல் குவெரியை, முதலில் எல்லோரும் எழுதுவது இப்படித்தான்: வேர் (WHERE) தலைப்பு ஐலைக் (ILIKE, ஆங்கிலப் பெரிய-சிறிய எழுத்து பார்க்காத லைக்), பயனர் தட்டிய சொல், அதற்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி. அந்தச் சொல்லை ஸ்டிரிங்கோடு ஒட்டாதீர்கள், பாராமீட்டராக அனுப்புங்கள். ஒட்டினால் பயனர் தட்டியதே கட்டளையாக ஓடிவிடலாம்; அந்த எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாராமீட்டர் போட்ட பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பாருங்கள், பெட்டியில் வெறும் அண்டர்ஸ்கோர் ஒன்றைத் தட்டுகிறேன். மொத்தப் பட்டியலும் வந்து நிற்கிறது. லைக்கில் அண்டர்ஸ்கோர் என்றால் ஏதோ ஓர் எழுத்து, சதவீதக் குறி என்றால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் என்று பொருள். அதனால் இந்த இரண்டையும், பேக்ஸ்லாஷையும், குவெரிக்கு அனுப்பும் முன் எஸ்கேப் செய்துவிடுங்கள், அதாவது முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு வெறும் எழுத்தாக்கிவிடுங்கள்.

அடுத்து வேகம். இதே குவெரிக்கு முன்னால், அது எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டு ஓட்டுகிறேன். "சீக் ஸ்கேன்" என்று வருகிறது, அதாவது டேபிளை முதல் வரிசையிலிருந்து கடைசி வரை படிக்கிறது. தலைப்பில் இண்டெக்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பி-ட்ரீ. சொல்லின் தொடக்கத்தை வைத்து அடுக்கிய அகராதி மாதிரி. 'மர' என்று தொடங்குவதை உடனே எடுத்துத் தரும், நடுவில் 'மர' வருவதைக் கேட்டால் கையை விரிக்கும். இதற்குப் போஸ்ட்கிரெஸிலேயே பிஜி_டிஆர்ஜிஎம் என்று ஓர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. உரையை டிரைகிராம் எனும் மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி, ஜின் என்ற வகை இண்டெக்ஸில் வைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு எழுத்தை மட்டும் தேடினால் அதற்குப் பிடி கிடைக்காது, அதனால் மூன்று எழுத்து தட்டிய பிறகே தேடலைத் தொடங்குகிறேன். தமிழில் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணும் எழுத்து நாம் எண்ணும் எழுத்து அல்ல. 'மரம்' நமக்கு மூன்று, அதற்கு நான்கு, ஏனென்றால் புள்ளியும் தனி. உங்கள் சர்வரின் லோகேல், அதாவது மொழி அமைப்பைப் பொறுத்தும் நடத்தை மாறும், ஆகவே தமிழ்த் தரவை வைத்தே ஒருமுறை எக்ஸ்பிளெயின் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தமிழ் என்று வந்துவிட்டதால் இங்கே கொஞ்சம் நிற்போம். பெரும்பாலான பயிற்சி வீடியோக்கள் இதைத் தொடுவதே இல்லை. 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தில் 'க'வுக்குப் பிறகு வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒரு கீபோர்டில் தட்டிச் சேமித்த தலைப்பு, இன்னொரு கீபோர்டில் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். தீர்வு எளிது: ஜாவாஸ்கிரிப்ட்டில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அதற்கு என்எஃப்சி என்று கொடுத்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் டேட்டாபேஸுக்குள்ளேயே இதே பெயரில் ஒன்று உண்டு.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் சரிசெய்யாது. 'ஸ்ரீ' என்பதை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடுக்கு வந்த 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், என்எஃப்சிக்கு வேறு வேறு. 'ஔ' தட்ட வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தட்டுகிறவர்களும் உண்டு. இவற்றை நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். நான் செய்வது, டேபிளில் தேடல்_உரை என்று தனி ஃபீல்டு ஒன்று. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் சேர்த்து, இந்த மாற்றங்களைச் செய்து, அதில் வைக்கிறேன். டிரைகிராம் இண்டெக்ஸும் அந்த ஃபீல்டுக்குத்தான். சேமிக்கும்போது எந்த ஃபங்ஷன் ஓடுகிறதோ, அதே ஃபங்ஷன் பயனர் தட்டிய சொல்லின் மீதும் ஓட வேண்டும். பக்கத்தில் காட்டுவது எப்போதும் மூலத் தலைப்பைத்தான்.

இன்னும் ஒன்று. 'மரம்' என்று தேடினால் 'மரத்தடி', 'மரங்கள்' வராது, அந்தச் சொற்களுக்குள் 'மரம்' இல்லையே. போஸ்ட்கிரெஸ் 12-இல் முழு உரைத் தேடலுக்குத் தமிழ் ஸ்டெம்மர் வந்தது, விகுதிகளை வெட்டிப் பார்க்கும். நீளமான கட்டுரைகளில் தேடும்போது அதைப் போட்டுப் பாருங்கள். நம் தமிழ் சேர்த்துச் சேர்த்து எழுதுகிற மொழி, எல்லாவற்றையும் அது ஒழுங்காக வெட்டும் என்று நம்பிவிடாதீர்கள். வெறும் தலைப்புகளுக்கு டிரைகிராமே எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஃபில்டர். ஆபத்தான இடம் இதுதான். இந்த வரியைப் படிக்கிறேன்: வேர் பயனர்_ஐடி ஈக்வல் 7, அண்ட் தலைப்பு ஐலைக் இன்னது, ஆர் ஆசிரியர் ஐலைக் இன்னது. தேடல்_உரை ஃபீல்டு இல்லாத ஆப்களில் இப்படித்தான் எழுதுவார்கள். பார்க்கச் சரியாக இருக்கிறது இல்லையா? எஸ்கியூஎல்லில் 'அண்ட்' முதலில் சேரும், 'ஆர்' அப்புறம்தான். ஆகவே ஆசிரியர் பெயர் பொருந்தினால் போதும், அது யாருடைய பட்டியலாக இருந்தாலும் வெளியே வந்துவிடும். ஏழாம் பயனர் அடுத்தவருடைய பட்டியலைப் படிக்கிறார். ஓர் அடைப்புக்குறி ஜோடி இல்லாததால் வந்த வினை. 'ஆர்' வருகிற ஒவ்வொரு துண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, அனுமதி கண்டிஷனை வெளியே தனியாக 'அண்ட்' செய்யுங்கள்.

வகை ஃபில்டரில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்தால் அவற்றுக்குள் 'ஆர்', வகைக்கும் ஆண்டுக்கும் இடையில் 'அண்ட்'. பயனர்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்தக் கண்டிஷனையே சேர்க்காதீர்கள், பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்' (IN) காலி அடைப்புக்குறியோடு நின்றால் போஸ்ட்கிரெஸில் சின்டாக்ஸ் எரர்.

தேதி ஃபில்டரில் எத்தனையோ ஆப்கள் சறுக்குகின்றன. "1 முதல் 31 வரை" என்று பயனர் கேட்கிறார். ஃபீல்டில் நேரமும் சேர்ந்து இருக்கிறது. 31-க்குச் சமம் அல்லது குறைவு என்று எழுதினால் 31 தொடங்கும் நள்ளிரவு 12 மணியோடு கதை முடிந்தது, அன்று காலை சேர்த்த புத்தகம் வராது. அடுத்த மாதம் 1-க்குக் குறைவு என்று எழுதுங்கள். அதேபோல "நாவல் தவிர மற்றவை" என்று கேட்டால், வகை நிரப்பாத வரிசைகளும் காணாமல் போகும். நிரப்பாத இடத்தில் இருப்பது 'நல்' (NULL), அதை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' போட்டால் அவை திரும்ப வந்துவிடும்.

வரிசைப்படுத்தும் ஃபீல்டின் பெயரை மட்டும் பாராமீட்டராக அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, அதில் இருந்தால்தான் குவெரிக்குள் விடுங்கள். கூடவே கடைசியில் ஐடியையும் சேருங்கள். ஒரே ஆண்டில் வந்த ஐம்பது புத்தகங்களுக்குள் நிலையான வரிசை இல்லாவிட்டால், முதல் பக்கத்தில் பார்த்ததே இரண்டாம் பக்கத்திலும் தலைகாட்டும். பக்கங்கள் ரொம்ப ஆழமாகப் போனால், இத்தனை வரிசையைத் தாண்டு என்று சொல்லும் ஆஃப்செட் மெதுவாகும், தாண்ட வேண்டிய வரிசைகளையும் அது படித்துத்தான் தாண்டுகிறது. அப்போது கடைசியாகப் பார்த்த ஆண்டையும் ஐடியையும் கொடுத்து "இதற்கு அடுத்தது" என்று கேளுங்கள்.

முன்பக்கம் பற்றிச் சுருக்கமாக. ஃபில்டர் எல்லாம் யூஆர்எல்லில் இருக்கட்டும், அப்போதுதான் பேக் பட்டனும் வேலை செய்யும், இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பவும் முடியும். ஃபில்டர் மாறினால் பக்க எண்ணை 1-க்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஏழாம் பக்கத்தில் வெறும் திரை. ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைத் தொந்தரவு செய்யாமல் 300 மில்லிசெகண்ட் பொறுத்து அனுப்புங்கள். பழைய கோரிக்கையை அபார்ட்கன்ட்ரோலரால் ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் 'மரபு'க்கான விடை தாமதமாக வந்து 'மரபுக்கவிதை'க்கான விடையின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு வகைக்குப் பக்கத்திலும் எத்தனை புத்தகம் என்று எண் காட்டுவது பாக்கி இருக்கிறது. அதற்கு வகைவாரியாகத் தொகுக்கும் குரூப் பை (GROUP BY) வைத்துத் தனிக் குவெரி வேண்டும், வகையின் எண்ணிக்கையை எடுக்கும்போது வகை ஃபில்டரை மட்டும் விட்டுவிட வேண்டும். அதை அடுத்த வீடியோவில் எழுதுவோம். பார்க்கலாம்.