ஒரு ஜாதிக்காய்க்குள் எத்தனை பாடம்?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மேசை மேல் புத்தகம் எதுவும் இல்லை, ஒரு ஜாதிக்காய் மட்டும்தான். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். பிரியாணி மசாலாவில் சேர்ப்போம், பச்சைக் குழந்தைக்கு உரைமருந்தில் உரைப்போம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வேறு வழியில் அறிமுகமாகியிருக்கும்: "மன்ஹாட்டனைக் கொடுத்து டச்சுக்காரர்கள் வாங்கிய தீவு எது?" விடை, ரன். ஒரு மதிப்பெண், அடுத்த கேள்வி. எனக்கு அந்த அவசரம்தான் பிடிக்கவில்லை. அறிவியல், புவியியல், வணிகவியல், வரலாறு என்று நான்கு பீரியடில் நான்கு ஆசிரியர்கள் தனித்தனியாக நடத்துகிற பாடம் இந்த ஒரு விடைக்குள் கிடக்கிறது.

முதலில் காய். பழம் மஞ்சளாக இருக்கும், முற்றியதும் நடுவே பிளக்கும். உள்ளே பளபளக்கும் கரும்பழுப்பு ஓடு, அதன் மேல் ரத்தச் சிவப்பில் வலை மாதிரி ஒரு உறை. அந்த உறை காய்ந்தால் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் ஜாதிக்காய். ஒரே பழம், இரண்டு சரக்கு. இதோ, இதைக் குறுக்கே வெட்டியிருக்கிறேன். வெளிர் நிறத்துக்குள் பழுப்பு நரம்புகள் ஓடுகின்றன, தெரிகிறதா? வாசனை எண்ணெய் இருப்பது அந்த நரம்புகளில்தான்.

இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. விதை போட்டு வளர்த்தால் பூக்கிற வரை எது எதுவென்று தெரியாது. ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு "ஐயா, இது ஆண்" என்று நிற்கும். அதனால்தான் இப்போது ஒட்டுக்கட்டிய கன்றுகளைத் தேடி வாங்குகிறார்கள். இன்னொன்று, விதை நன்றாகக் காய்ந்துவிட்டால் முளைக்காது. டச்சுக்காரர்கள் யாரும் நட்டுவிடக் கூடாதென்று காய்களைச் சுண்ணாம்பில் முக்கி விற்றார்கள் என்று பல இடங்களில் படிப்பீர்கள். முக்கியது உண்மை. ஆனால் உலர்ந்த காய்க்கு அது தேவையே இல்லை. பூச்சி விழாமல் இருக்கத்தான் சுண்ணாம்பு உதவியிருக்கும்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். இந்தோனேசியாவின் கிழக்கே, நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, பாண்டா தீவுகள். எரிமலை மண், கடல் ஈரம், வருடம் முழுக்க மழை. அங்குள்ள குனுங் அபி எரிமலை 1988-இல்கூட வெடித்தது. 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதி வரை உலகம் முழுவதற்கும் ஜாதிக்காய் கிட்டத்தட்ட இந்தச் சின்னஞ்சிறு தீவுகளிலிருந்து மட்டுமே போனது. அவற்றில் ஒன்றுதான் ரன், நீளம் சுமார் மூன்று கிலோமீட்டர். காலை நடைக்குப் போனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம்.

பாண்டா மக்கள் காய்க்குப் பதிலாகக் கேட்டது அரிசியும் துணியும். அந்தத் துணியில் பெரும்பங்கு நம் சோழமண்டலக் கரையில் நெய்தது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்து 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டியது ஏன் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடும். துணி இங்கே, மசாலா அங்கே. இங்கே துணி பிடிக்காவிட்டால் அங்கே காய் கிடையாது.

இப்போது வணிகவியல். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. மூலதனம் ஏறக்குறைய 64 லட்சம் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம் என்றார்கள்; ஆம்ஸ்டர்டாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள், வீட்டுவேலை செய்த பெண்கள் உட்பட. ஆனால் போட்ட பணத்தைக் கம்பெனியிடம் நினைத்தபோது திரும்பக் கேட்க முடியாது. அவசரத்துக்குப் பணம் வேண்டுமா? உன் பங்கை இன்னொருவருக்கு விற்றுக்கொள். பங்குச்சந்தை பிறந்தது இந்தக் கட்டாயத்தில்தான்.

அங்கே ஐசக் லெ மேர் என்று ஒருவர். கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவராக இருந்து, சண்டை போட்டு வெளியே வந்தவர். 1609-இல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, கையில் இல்லாத பங்கைப் பின்னொரு தேதியில் தருவதாக விற்றார். விலை சரிந்ததும் மலிவாக வாங்கிக் கொடுக்கலாம் என்பது கணக்கு. கம்பெனி அரசிடம் முறையிட்டது; 1610-இல் அந்த முறைக்குத் தடை வந்தது. மனிதர் அடங்கவில்லை. நன்னம்பிக்கை முனை வழியும் மகெல்லன் நீரிணை வழியும் கம்பெனிக்கு மட்டுமே என்பது சட்டம். அப்படியானால் மூன்றாவது வழி இருந்தால்? மகன் யாக்கோப்பைக் கப்பலில் அனுப்பினார். 1616-இல் அவர்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் போனார்கள். ஹூர்ன் என்ற ஊரின் பெயரை அதற்கு வைத்தார்கள், அதுதான் ஹார்ன் முனை. கிழக்கே போய்ச் சேர்ந்ததும் "புது வழியா? பொய்" என்று சொல்லிக் கப்பலைப் பறிமுதல் செய்தவர் கம்பெனியின் அதிகாரி யான் பீட்டர்ஸூன் கூன். யாக்கோப் ஊர் திரும்பும் வழியிலேயே இறந்துபோனார். பங்குச்சந்தைச் சண்டையிலிருந்து புவியியல் பாடத்துக்கு ஒரு முனை!

அந்தக் கூன்தான் 1621-இல் பாண்டா மீது படையெடுத்தவர். காயை டச்சுக் கம்பெனிக்கே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை மக்கள் மதிக்கவில்லை, ஆங்கிலேயருக்கும் விற்றார்கள் என்பது காரணம். சுமார் 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில், கொலைக்கும் பட்டினிக்கும் நாடுகடத்தலுக்கும் தப்பி அங்கே மிஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவுக்குத்தான். பிறகு நிலத்தைத் துண்டு போட்டு டச்சுக்காரர்களிடம் கொடுத்து, வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். ஏகபோகம் என்றால் என்ன என்று வணிகவியலில் வரையறை எழுத வைக்கிறோமே, அதன் பக்கத்தில் இந்த ஆண்டையும் எழுதலாம்.

அப்புறம் அந்த மன்ஹாட்டன். ரன் தீவில் ஆங்கிலேயர் நத்தேனியல் கோர்ட்ஹோப் தலைமையில் 1616 முதல் நான்கு வருடம் டச்சு முற்றுகையைத் தாங்கினார்கள். 1620-இல் அவர் கொல்லப்பட்டார், தீவு டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1664-இல் ஆங்கிலேயர் மன்ஹாட்டனில் இருந்த டச்சுக் குடியேற்றமான நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்து நியூயார்க் ஆக்கினார்கள். இரு தரப்பும் போரை முடித்துக்கொண்ட 1667 பிரெடா உடன்படிக்கையில் "இதைக் கொடு, அதை எடு" என்று யாரும் பண்டமாற்று செய்யவில்லை. அவரவர் பிடித்தது அவரவருக்கு என்று முடித்தார்கள், அவ்வளவுதான். தென் அமெரிக்காவில் கரும்பு விளையும் சுரினாமும் டச்சுப் பக்கம் போனது. மன்ஹாட்டனைவிட அதுதான் அன்றைக்குப் பெரிய லாபமாகத் தெரிந்தது. 1673-இல் டச்சுக்காரர்கள் நியூயார்க்கை மறுபடி பிடித்து, அடுத்த வருடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தேர்வில் "மாற்றாக" என்று கேட்டால் ரன் என்றே எழுதுங்கள், மதிப்பெண்ணை விடாதீர்கள். நேர்முகத் தேர்வில் கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள்.

1770 வாக்கில் பியர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் நாற்றுகளை மொரீஷியசுக்குக் கடத்தினார். 1799-இல் கம்பெனியே கலைந்தது. நெப்போலியன் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் பாண்டாவைப் பிடித்து நாற்றுகளைப் பினாங்குக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கிரெனடா பிற்பாடு ஜாதிக்காய்க்கே பேர்போன நாடாகிவிட்டது. கொடிகள் பற்றிக் கேள்வி வந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கிரெனடா கொடியில் கம்பத்தை ஒட்டிய பச்சை முக்கோணத்தில், பிளந்து நிற்கிற ஜாதிக்காய்ப் பழம்.