பச்சைப் புள்ளி எதைச் சொல்கிறது?

நண்பர்களே, என் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொல்வதானால், ஐந்தரை ஆண்டுகள் பச்சைப் புள்ளிகளை எண்ணினேன். சிரிக்கிறீர்கள். வீட்டிலும் இப்படித்தான் சிரித்தார்கள்.

எந்தப் புள்ளி என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செல்லிலும் குப்பை சேரும்: மடிப்பு பிசகிய புரதங்கள், பழுதான மைட்டோகாண்ட்ரியா. செல் அதை ஒரு சவ்வுப் பையில் கட்டி, லைசோசோம் என்ற செரிமான அறைக்கு அனுப்பும். இதற்கு ஆட்டோஃபேஜி, அதாவது தன்னையே தின்னுதல், என்று 1963இல் கிறிஸ்டியன் டி டூவ் பெயர் வைத்தார். இதை நடத்தும் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையே இல்லாத ஈஸ்டுக்கு மூளை நோய் ஆய்வகங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது!

எல்லாச் செல்லுக்கும் குப்பை உண்டு என்றால், நரம்பணு மட்டும் ஏன் அதிகம் தவிக்கிறது? தோலில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. குப்பையும் பங்கு பிரிந்துவிடும். நரம்பணு பிரிவதில்லை. 70 வயதில் உங்களிடம் இருக்கும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை குழந்தையாக இருந்தபோதே இருந்தவை. அப்புறம் நீளம். தண்டுவடத்திலிருந்து பாதம் வரை போகும் ஆக்சான், அதாவது நரம்பணுவின் நீண்ட இழை, ஏறக்குறைய 1 மீட்டர். அதன் நுனியில் கட்டிய குப்பைப் பையை டைனீன் என்ற மோட்டார் புரதம் செல்லின் உடல்வரை இழுத்து வர வேண்டும். விநாடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் விநாடி, 11 நாளுக்கும் மேல்!

அந்தப் பைகளைத்தான் நான் எண்ணினேன். பையின் சவ்வில் ஒட்டும் எல்சி3 என்ற புரதத்தோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்துவிட்டால், நுண்ணோக்கியில் ஒவ்வொரு பையும் ஒரு புள்ளி. மூளை நோய் தரும் மரபணு மாற்றம் உள்ள செல்களில் புள்ளிகள் கூடுதலாகத் தெரிந்தன. துப்புரவு அதிகமாக நடக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். எட்டு மாதம் அதையே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

ஒரு நாள் என் கைடு கேட்டார்: "தெரு முழுக்கக் குப்பை லாரி நிற்கிறது. அள்ளுகிற வேலை மும்முரமா, இல்லை, கொட்டுகிற இடத்தைப் பூட்டிவிட்டார்களா?" எனக்குப் பதில் வரவில்லை.

பதில் தேட ஒரு வழி உண்டு. பாஃபிலோமைசின் என்ற வேதிப்பொருள் லைசோசோமில் அமிலம் சேரவிடாமல் தடுக்கும்; செரிமானம் நின்றுபோகும். நல்ல செல்லில் அதைப் போட்டால் பைகள் தேங்கிப் புள்ளிகள் கூடும். போட்டேன், கூடின. நோய்ச் செல்லிலும் போட்டேன். எண்ணிக்கை அசையவே இல்லை. அங்கே ஏற்கெனவே எல்லாம் தேங்கித்தான் கிடந்தது. என் எட்டு மாத முடிவு தலைகீழாயிற்று.

அதற்குப் பிறகு, எந்தப் படம் எந்தச் செல்லுடையது என்பதை வேறொருவர் மறைத்து வைத்தால்தான் எண்ணுவேன். விரும்பியதைக் காண்பதில் கண்ணுக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல. 1906இல் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன தன் நோயாளியின் மூளையில் படிவுகளையும் முடிச்சுகளையும் கண்டதாக அறிவித்தார். பார்க்கின்சன் நோயில் லூயி என்ற மருத்துவர் மூளைச் செல்களில் கண்ட உருண்டைகளைப் பற்றிய விவரம் 1912இல் வந்தது. அவற்றில் திரண்டிருப்பது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் என்று தெரிய 1997 ஆயிற்று. செத்த செல்லும் புரத உருண்டையும் ஒரே இடத்தில் இருந்தால், உருண்டைதான் கொன்றது என்று தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமே?

ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயில் ஸ்டீவன் ஃபிங்க்பெய்னர் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டது. தானியங்கி நுண்ணோக்கி ஒரே நரம்பணுவிடம் திரும்பத் திரும்பப் போய்ப் படம் எடுத்தது. உருண்டை உருவான செல்கள், உருவாகாதவற்றைவிடக் கூடுதல் நாள் பிழைத்தன! சிதறித் திரியும் நச்சுப் புரதத்தைச் செல் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கிறது போலும். எல்லா நோய்க்கும் இதைப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஒரே செல்லைத் தொடர்ந்து பார்க்கும் பொறுமை அதில் இருக்கிறது.

சரி, இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். ஷின்யா யமனாகா காட்டிய வழியில், நோயாளியின் தோல் செல்லை முதலில் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய தண்டுச் செல்லாக்கி, அதிலிருந்து நரம்பணுவை வளர்க்கலாம். ஆனால் அப்படிப் பின்னுக்குத் திருப்பும்போது செல்லின் வயதும் பெருமளவு அழிந்துபோகிறது. 60 வயதுக்கு மேல் வருகிற நோயைக் கைக்குழந்தைச் செல்லில் தேடுகிறோம். தண்டுச் செல்லாக்காமல் தோல் செல்லை நேரே நரம்பணுவாக்கினால் வயதின் தடயங்கள் ஓரளவு மிஞ்சும். ஆனால் அவை பெருகாது, கிடைப்பதும் கொஞ்சம்தான்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்டார்: "இந்தத் தேக்கம் நோய்க்குக் காரணமா, விளைவா?" "நான் செல் வளர்த்த தட்டில், இந்த ஒரு மரபணு மாற்றத்தில், செல் சாவதற்கு முன்பே தேக்கம் வந்துவிடுகிறது. அதுவரைதான் சொல்ல முடியும்" என்றேன். "மனித மூளையில்?" என்றார். "இந்த ஆய்வேட்டில் அதற்குச் சான்று இல்லை" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.